ஒரே ஒலியட்டையில் இருவர்

எங்கள் வீட்டில் நெடுங்காலம் ஒலி என்பது ஒரு நேரத்தில் ஒருவருக்கே உரியதாக இருந்தது. இது எங்கள் குணத்தைப் பற்றிய செய்தி அன்று, கணினியைப் பற்றியது. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேசைக் கணினி இருந்தது. அதில் யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளம் ஒன்றை நிறுவியிருந்தேன். ஆய்வுப் பட்டத்துக்காகச் சென்னையில் இருந்த ஆண்டுகளில் பழகிய ஒன்று அது; பிறகு கல்லூரியில் இயற்பியல் கற்பித்த காலம் முழுவதும் அதை விட்டு நான் விலகவில்லை. அந்நாளில் அந்த இயங்குதளத்தில் ஒலியட்டை ஒரு கோப்பைப் போலத் தோன்றும். ஒரு நிரல் அதைத் திறந்துவிட்டால், மூடும்வரை வேறொரு நிரல் அதைத் தொட முடியாது. தொட முயன்றால், கருவி வேறு வேலையில் இருக்கிறது என்று ஒற்றை வரியில் பதில் வரும். முதல் நிரல் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பாதியில் நிறுத்தப்பட்டு வாய்மூடிக் கிடந்தாலும் கருவி அதன் கையில்தான்.

பெரும்பாலும் அதைப் பிடித்து வைத்திருந்தவள் என் மனைவி.

அவள் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள். பத்திரங்களைப் பதிவேட்டில் கையால் நகலெடுத்த காலத்தில் பணியில் சேர்ந்து, எல்லாம் கணினிக்கு மாறிய பிறகு ஓய்வு பெற்றாள். அலுவலகத்துக்கு வெளியே அவளுக்கிருந்த வேலை, கல்வராயன் மலையில் பறவைகளைக் கேட்பது. பறவை பார்ப்பது என்று யாராவது சொன்னால் திருத்துவாள். இலைக்குள் இருப்பதில் பாதி கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும் என்பாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தில் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறி, கரியாலூருக்கு அப்பால் தான் தேர்ந்தெடுத்து வைத்திருந்த ஐந்து இடங்களில், இடத்துக்குப் பத்து நிமிடமாக உட்கார்ந்து, காதில் விழுந்த பறவைகளை எல்லாம் எழுதுவாள். கடிகாரத்தையும் தேநீர்க் குடுவையையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அந்த நோட்டை அவள் பத்திர நடையில்தான் எழுதினாள். "மேற்படி இடத்துக்கு எல்லையாவது, கிழக்கே மரவள்ளிக் கொல்லை, மேற்கே ஓடை, வடக்கே கடுக்காய் மரம், தெற்கே வண்டிப்பாதை" என்று தொடங்கும். அதன்கீழ் பறவைகளின் பெயர்கள். இறுதியில் அடித்தல் திருத்தல் உண்டா இல்லையா என்று குறித்துக் கையெழுத்திடுவாள். அடித்துத் திருத்திய இடம் இருந்தால், பத்திரத்தில் செய்வதைப் போலவே ஓரத்தில் அதற்குத் தனிக் கையெழுத்து. விதி ஒன்றே ஒன்று. தன் காதால் கேட்காத எதுவும் நோட்டில் ஏறக்கூடாது. உடன் வருபவர் கேட்டதாகச் சொன்னாலும் ஏறாது. "காது போற அன்னிக்கு நோட்ட மூடிடுவேங்க" என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். சொன்னதைச் செய்கிறவள் என்பதை அறிந்தே நான் அவளை மணந்திருந்தேன்.

மலையில் ஒரு சிறு பதிவுக்கருவியும் ஓடும். அதில் பதிந்ததை வீட்டில் கணினியில் போட்டு, சந்தேகமானவற்றை மறுபடியும் கேட்பாள். நாங்கள் இருவரும் தனித்தனிப் பயனர் கணக்கு வைத்திருந்தோம். நான் வானொலிச் செய்தி கேட்க என் கணக்கில் நுழைந்தால், அவள் கணக்கில் பாதியில் நின்ற குருவி கருவியை விடாது.

"ஏம்மா, உன் குருவி இன்னும் கருவியப் புடிச்சிகினு இருக்குது."

"நிறுத்தித்தானே வெச்சிருக்கேன்."

"நிறுத்தினா போதாது. மூடணும்."

"மூடினா எந்த எடத்துல நின்னேன்னு தெரியாம போயிடும். நீங்க செய்திய அப்புறம் கேளுங்க. அது எங்கியும் பறந்துடாது."

எந்த நிரல் கருவியைப் பிடித்திருக்கிறது என்று காட்டும் கட்டளை ஒன்று உண்டு. அந்த நிரலை அங்கேயே முடித்துவிடும் கட்டளை வேறொன்று. இரண்டாவதை நான் ஒரே ஒருமுறை பயன்படுத்தினேன். அவள் ஒரு மாலை முழுவதும் ஒரு பதிவில் போட்டு வைத்திருந்த குறிகள் சேமிக்கப்படாமல் போயின. இரண்டு நாள் தேநீர் மேசைக்கு வந்தது, பேச்சு வரவில்லை. அதன்பிறகு அந்தக் கட்டளைக்கு எங்கள் வீட்டில் வேலை இருக்கவில்லை. கேட்டு வாங்குவது என்று முடிவாயிற்று. நான் வாயிலில் நின்று "விடறியா" என்பேன். அவள் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்குவாள். ஒரு நிமிடம் என்று பொருள். அந்த ஒரு நிமிடம் கால் மணி நேரம் வரை நீளக்கூடியது.

இந்த நிலை மாறியதற்கு என் செய்தி காரணமில்லை. அவளுடைய தேவைதான் காரணம். மலையில் பதிந்த குரலையும், அறிஞர்கள் பதிந்து வைத்த மாதிரிக் குரலையும் அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிட வேண்டும். இரண்டும் இரண்டு நிரல்களில் இருந்தன. ஒன்றை மூடி மற்றதைத் திறப்பதற்குள் காது முதற்குரலை மறந்துவிடுகிறது என்றாள். அப்போது ஒலி வழங்கி என்ற ஏற்பாடு பரவலாகி வந்தது. நிரல்கள் கருவியை நேரே தொடுவதில்லை. ஒவ்வொன்றும் தன் ஒலியை நடுவில் இருக்கும் வழங்கியிடம் கொடுக்கும். அது எல்லாவற்றையும் கலந்து, தான் மட்டும் கருவிக்கு அனுப்பும். இதை நான் தாளில் படம் போட்டு விளக்கினேன்.

"சார்பதிவாளர் மாதிரின்னு சொல்லுங்களேன். எவன் வந்தாலும் அவர்கிட்டதான் குடுக்கணும். இதுக்கு எதுக்குப் படம்?"

நிறுவிய முதல் இரண்டு வாரம் ஒலி அறுந்து அறுந்து வந்தது. "விக்கல் எடுக்குது, தண்ணி குடுங்க" என்று அவள் திரைக்குப் பின்னால் இருந்த என்னிடம் சொன்னாள். அமைப்புக் கோப்பில் சில எண்களை மாற்றிய பிறகு விக்கல் நின்றது. அன்று மாலை ஒரு குக்குறுவானும் ஒரு தையல்சிட்டும் வேறு வேறு நிரல்களில் இருந்து ஒரே நேரத்தில் ஒலித்தன. அவற்றின் நடுவே என் வானொலிச் செய்தி தானும் வந்து சேர்ந்தது. அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து மூன்றையும் கேட்டாள். அணைக்கச் சொல்வாள் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. என் ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டபோதுகூட நான் அவ்வளவு மகிழ்ந்ததாக நினைவில்லை.

ஒலி வழங்கியோடு ஒரு சிறு சாளரமும் வந்தது. ஒலித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் அதில் தனி வரி. ஒவ்வொரு வரியிலும் ஒலியளவைக் கூட்டிக் குறைக்க ஒரு நகர்த்தி. முன்பு கருவிக்கு ஒரே அளவு இருந்தபோது, அவள் வைத்த அளவை நானும் நான் வைத்ததை அவளும் மாற்றிக்கொண்டே இருந்ததால் எவருடைய அளவும் எங்கும் தங்கியதில்லை. இப்போது தங்கியது. அவளுடைய நிரலுக்கு அவள் வைத்த அளவு வழங்கியின் நினைவில் அப்படியே இருக்கும். அந்தக் கணினியைப் பராமரித்தவன் என்ற முறையில் அது என் கண்ணில் பட்டது. பல ஆண்டுகள் எழுபதில் இருந்தது. அவள் ஓய்வு பெற்ற பின் ஒரு மழைக்காலம் முடிந்து பார்த்தபோது தொண்ணூறு. அடுத்த கோடையில் நூறு. அந்த நகர்த்தியை நூறைத் தாண்டியும் தள்ளலாம். ஒலி சற்றுக் கரகரக்கும். ஒருநாள் அது நூற்று முப்பதில் நின்றதைப் பார்த்தேன். பின்னணி இரைச்சல் அறை வாயில் வரை கசிந்து கேட்டது. அவளோ காதணி ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வயதாகும்போது முதலில் போவது கீச்சென்ற உச்ச ஒலிகள். இயற்பியல் படித்தவனுக்கு அது தெரியும். பேச்சு கேட்கும், பேருந்து கேட்கும், சமையலறையில் பால் பொங்குவது கேட்கும். தேன்சிட்டும் பூங்கொத்தியும் மெல்ல விலகும். அவளுக்கு நடப்பது அவளுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் நோட்டு மூடப்படும் என்பதும் தெரிந்திருந்தது.

நான் சொல்லவில்லை. அவளுடைய நிரலுக்கும் ஒலியட்டைக்கும் நடுவே, வழங்கிக்குள் ஒரு வடிகட்டியைச் செருகினேன். அவளுடைய நிரலின் ஒலியில் மட்டும், உச்ச அலைவுகளை அது தூக்கிக் கொடுக்கும். சில நாளில் அவளே நகர்த்தியை எழுபதுக்கு இறக்கியிருந்தாள். "ஏதோ சரி பண்ணீங்க போல, இப்போ நல்லா கேக்குது" என்றாள். ஒலி இயக்கியைப் புதுப்பித்தேன் என்றேன். ஓராண்டுக்குள் இன்னும் இருமுறை தூக்கினேன். இதைப் பராமரிப்பு என்றே எனக்குள் பெயரிட்டுக்கொண்டேன். மலையில் அவளோடு வருவதற்கு அந்த வடிகட்டிக்கு வழியில்லை என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. கணினியோடு நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் செய்யக்கூடிய பிழை இது. அமைப்புக் கோப்பில் சரியானது உலகத்திலும் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுவோம்.

மலையில் எங்களுடன் வரும் பெண்மணி ஒருவர் உண்டு. கரியாலூருக்கு மேலே மரவள்ளியும் சாமையும் போடுகிறவர்; பருவத்தில் கடுக்காய் பொறுக்குவார். என் மனைவியைவிடச் சில வயது இளையவர். அவர் வீட்டு நிலத்துப் பத்திரம் ஒன்றை முன்னொரு காலத்தில் என் மனைவி நகலெடுத்ததில் தொடங்கிய பழக்கம். அவளை 'ரைட்டரம்மா' என்றே அழைப்பார். கையில் ஒரு கோலோடு முன்னால் நடந்து புதரை விலக்குவார். பத்து நிமிடம் ஓடும்போது பேசக்கூடாது என்ற விதியை எங்கள் இருவரையும்விட ஒழுங்காகக் காத்தவர் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது இடத்தில் அவர் அந்த விதியை மீறினார்.

"ரைட்டரம்மா, தல மேலியே கத்திகினு கீது. எழுதலியா?"

மேலே ஒரு கிளையில் புல்லுருவி படர்ந்திருந்தது. அதன் பழத்தைத் தேடி வந்த பூங்கொத்தி ஒன்று, கட்டைவிரல் அளவுக் குருவி, எங்கள் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில் இருந்தது. என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அதன் அலகு திறந்து மூடியதை அவள் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு பென்சிலைக் கீழே வைத்தாள்.

"நேத்திக்கு வூட்ல இதே குருவி காதுல ஊசி குத்தற மாதிரி கேட்டுது" என்றாள், யாரிடமும் சொல்லாதது போல. பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். போலிக் கையெழுத்துகளைப் பணிக்காலம் முழுவதும் பார்த்தவள் அவள்.

"இன்னா பண்ணீங்க?"

சொன்னேன். பாறைமேல் உட்கார்ந்தபடி, வடிகட்டி, அலைவு, தூக்கிய அளவு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண்மணி கோலை ஊன்றிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தினி நாளா?"

"ஒரு வருஷமா."

"எத்தினி தடவ ஏத்தினீங்க?"

"மூணு."

"ஆவணத்துல கை வெச்சிருக்கீங்க. ஓரத்துல கையெழுத்துகூட போடாம." அவள் குரல் உயரவில்லை. நோட்டை மூடி, சுற்றியிருந்த ரப்பர் வளையத்தை அதன்மேல் ஏற்றினாள். "போதும், எறங்கலாம். இனிமே இது வேணாம்."

நான் எழுந்துவிட்டேன். அந்தப் பெண்மணி நகரவில்லை.

"ரெண்டு எடம் பாக்கி கீதே."

"எனக்குக் காது போச்சும்மா. கேக்காதத எப்பிடி எழுதறது?"

"ஏன், பத்திர ஆபீசுல நீங்க நெலத்தப் பாத்துட்டா எழுதினீங்க? எங்க வூட்டுக் கொல்லைய இன்னிய வரைக்கும் அளந்து பாத்தீங்களா? ஆளு சொல்லச் சொல்லத்தானே எழுதினீங்க. சாட்சி ரெண்டு பேர நிக்க வெச்சிங்க, முடிஞ்சிது." பிறகு என்னைக் கோலால் சுட்டி, "ஐயாவ வேணா சாட்சிக்குச் சேக்காதீங்க. அவரு ஆளு சரியில்ல" என்றார்.

என் மனைவி நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு இறங்கத் தொடங்கினாள். அன்று மீதி இரண்டு இடங்களுக்கும் நாங்கள் போகவில்லை. கீழே வரும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். கச்சிராயபாளையத்தில் வண்டி நின்றபோது, "அந்தம்மா சட்டம் பேசுது" என்றாள்.

மறுநாள் காலை வடிகட்டியைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். பிறகு இருவர் காதையும் சோதிக்க வேண்டும் என்றாள். ஒரே அலைவில் சீராக ஒலிக்கும் நிரல் ஒன்று இருந்தது. நொடிக்கு ஆயிரம் அலைவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். கேட்கும்வரை விரலைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். ஆளுக்கொரு காதணி ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டு, ஒரே ஒலியை இரண்டாகப் பிரித்துக் கேட்டோம். ஐயாயிரத்தைத் தொடுமுன் என் விரல் இறங்கிவிட்டது. ஒலி நின்றுவிட்டதாக எண்ணி நான் விசைப்பலகையைத் தொடப் போனேன். அவள் விரல் இன்னும் மேலேயே இருந்தது. ஆறாயிரத்துக்குப் பக்கத்தில்தான் அது இறங்கியது.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். காதணி ஒலிபெருக்கியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"என் காதுக்கு வைத்தியம் பாக்க வந்தவருக்கு என்னவிட கம்மி. அப்போ எதக் கேட்டு ஏத்தினீங்க?"

"கேட்டு ஏத்தல. திரையில அலையோட படம் வருமே, அதப் பாத்து ஏத்தினேன்."

"பாத்து." அந்தச் சொல்லை அவள் ஒருமுறை திருப்பிச் சொன்னாள். "காதுல கேக்காத சத்தத்த கண்ணால பாத்து, எனக்கு ஊத்தியிருக்கீங்க."

அந்த வாரம் முழுவதும் ஓராண்டு நோட்டை அவள் பின்னோக்கிப் புரட்டினாள். வீட்டில் பதிவைக் கேட்டு எழுதிய ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'ஒலி உயர்த்திக் கேட்டது' என்று குறித்தாள். ஒவ்வொரு குறிப்புக்கும் ஓரத்தில் நான் கையெழுத்திட வேண்டும் என்றாள். இட்டேன். சில பக்கங்களில் இடம் போதாமல் என் கையெழுத்து சுருக்கொப்பமாகக் குறுகியது. அவள் பேனாவின் நுனியால் அதைத் தட்டி, "முழுசா போடுங்க, குத்தவாளி சுருக்கமா போடக்கூடாது" என்பாள்.

சேலத்தில் ஒரு காது மருத்துவரிடம் போனோம். வயதின் காரணம் என்றார். செவித்துணைக் கருவி வாங்கினாள். மனிதர் பேச்சுக்கு அதை மாட்டிக்கொள்வாள், பறவைகளுக்குக் கழற்றிவிடுவாள். மலைக்காற்று அதில் குருவியைவிடப் பெரிதாகக் கேட்கிறது என்பது அவள் குறை. வடிகட்டியை மறுபடியும் போட்டுத் தரச் சொன்னாள். இம்முறை அதற்கென்று திரையில் ஒரு பொத்தான். அதை அவள் மட்டும் தொடுவாள். தொட்ட நேரத்தை எழுதி வைப்பாள். நான் அந்தப் பொத்தானின் பக்கம் போகவில்லை.

அடுத்த மாதம் நோட்டில் ஒரு கோடு புதிதாக வந்தது. பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்புறம் 'தானே கேட்டது', வலப்புறம் 'சாட்சி கேட்டது' என்று தலைப்பிட்டிருந்தாள். மலையில் அந்தப் பெண்மணி அவளுக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். பேசக்கூடாது என்பது அப்படியே இருந்தது. அதனால் அவர் என் மனைவியின் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மெல்லிய குரல் ஒன்று கேட்டால் ஒருமுறை அழுத்துவார். குரல் வரும் திசைக்குக் கோலைச் சாய்ப்பார். பெயரைப் பத்து நிமிடம் முடிந்த பிறகு சொல்வார். இடம் முடியும்தோறும் வலப்புறத்தின் கீழே தன் கையெழுத்தைப் போடுவார்.

முதல் நாளே அவர்களுக்குள் தகராறு வந்தது.

"இது வெள்ளைக்கண்ணியா? பாத்தியா நீ?"

"பாக்கணுமா? காதால கேக்கறதுன்னு சொல்லி சொல்லி என் உசுர எடுத்தது யாரு?"

"சாட்சிய நாலு கேள்வி கேக்கத்தான் செய்வாங்க."

"கேளுங்க. ஆனா டீய ஆற விடாதீங்க. ஐயா, ஊத்துங்க."

மூன்று ஆண்டுகள் அப்படி நடந்தது. இடப்புறம் மெல்லச் சுருங்கியது, வலப்புறம் நிறைந்தது. அதைப் பற்றி அவள் வருந்தியதாக நான் அறியவில்லை. வீட்டுக் கணினியில் ஒலித்த பதிவுகளை நாங்கள் இருவரும் சேர்ந்தே கேட்டோம். எங்களில் எவருக்கும் முழுதாகக் கேட்காத ஒலியைத் திரையில் படமாக ஓடவிட்டு, அவள் பெயர் சொல்ல, நான் தலையசைப்பேன்.

அவள் இறந்து இப்போது இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நோய் காதைச் சேர்ந்தது அன்று. நெடுநாள் படுக்கையிலும் இல்லை. அதற்குமேல் இங்கு எழுத எனக்கு ஒன்றுமில்லை.

அவள் போன மூன்றாம் மாதம் மலையிலிருந்து அந்தப் பெண்மணி தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, மூணு ஞாயித்துக்கிழம வுட்டாச்சி. நோட்ட மூடிட்டீங்களா?"

"எழுதறவ இல்லியேம்மா."

"சாட்சி நான் கீறனே. உங்களுக்குக் கை கீது இல்ல?"

போனேன். முதல் இடத்தில் வழக்கமாக அவள் உட்காரும் பாறையில் உட்காராமல் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன். அவர் அங்கே உட்காரச் சொன்னார். என் மணிக்கட்டைப் பிடிக்க அவருக்குத் தயக்கம் இருந்தது. சட்டைக் கையின் மேலாகப் பிடித்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் ஏழெட்டுமுறை அழுத்தினார். வலப்புறத்தில் அவர் சொன்ன பெயர்களை எழுதினேன். இடப்புறத்தில் நானே கேட்ட காகத்தையும் கொண்டைக்குருவியையும் எழுதினேன்.

அவர் நோட்டை வாங்கிக் கையெழுத்திட்டார். பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரைட்டரம்மா எழுத்து இன்னும் நல்லாருக்கும்."

"ஆமாம்" என்றேன்.

"பரவால்ல, படிக்க முடியுது" என்று சொல்லிக் கோலை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். நான் நோட்டையும் குடுவையையும் எடுத்துக்கொண்டு இரண்டாவது இடத்துக்கு அவர் பின்னால் போனேன்.